எட்டுப் பேரில் ஒருவன்

லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் 1888 ஆகஸ்ட் இறுதிக்கும் நவம்பருக்கும் இடையே ஐந்து பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பெயரால் மட்டுமே அறியப்பட்ட கொலைகாரன் கடைசிவரை அகப்படவில்லை. அந்தப் பகுதியின் தெருக்களையும் எரிவாயு விளக்குகளையும் இருட்டையும் எடுத்துக்கொண்டு, புருனோ கத்தலா, லுடோவிக் மோப்லான் என்ற இரு வடிவமைப்பாளர்கள் 2006-இல் ‘மிஸ்டர் ஜாக்’ என்ற பலகை விளையாட்டை உருவாக்கினார்கள். இரண்டே பேர் ஆடுவது. ஒருவர் ஒளிய வேண்டும். மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். ஒளிவதும் தேடுவதும் பற்றிக் கணிதம் கடந்த நூறு ஆண்டுகளில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதியை இந்தச் சின்னப் பலகையிலேயே பார்த்துவிடலாம்.

பலகையில் எட்டுப் பாத்திரங்கள் நிற்கின்றன. ஷெர்லாக் ஹோம்ஸ், டாக்டர் வாட்சன், இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட், சார்ஜென்ட் குட்லி உட்பட எல்லோருமே சந்தேகத்துக்கு உரியவர்கள். அவர்களில் ஒருவர்தான் ஜாக். யார் என்பது ஜாக்காக ஆடுபவருக்கு மட்டும் தெரியும். துப்பறிபவருக்கு எட்டுச் சுற்றுகள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பாத்திரங்கள் நகர்த்தப்படும். அடுத்த சுற்றில் மீதி நான்கு. இதில் முக்கியமானது, எந்தப் பாத்திரமும் யாருக்கும் சொந்தமில்லை என்பதுதான். ஜாக்காக இருக்கும் காயைத் துப்பறிபவரே தெரியாமல் நகர்த்தக்கூடும்.

சுற்றின் முடிவில் சாட்சி கேட்கப்படும்: ‘ஜாக் இப்போது பிறர் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறானா, இல்லையா?’ எரியும் விளக்குக்குப் பக்கத்திலோ, இன்னொரு பாத்திரத்துக்குப் பக்கத்திலோ, வாட்சன் கையிலுள்ள லாந்தரின் வெளிச்சக் கோட்டிலோ நிற்பவர் கண்ணில் படுபவர். ஜாக்காக ஆடுபவர் பொய் சொல்ல முடியாது. ‘படுகிறான்’ என்றால் இருட்டில் தனியாக நிற்பவர்கள் எல்லோரும் நிரபராதிகள். ‘படவில்லை’ என்றால் வெளிச்சத்தில் இருப்பவர்கள் நிரபராதிகள். நிரபராதி என்று தெரிந்தவரின் காய் புரட்டி வைக்கப்படும்.

ஆட்டம் முழுவதிலும் ‘இவன்தான் ஜாக்’ என்று காட்டும் தடயம் ஒன்றுகூடக் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் ‘இவர் இல்லை’ என்பதுதான். ஏழு பேரை விடுவிப்பது ஒன்றே ஒருவனைப் பிடிக்கும் வழி.

எட்டை மூன்றாக்குவது

கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய தகவல்தொடர்புக் கட்டுரை, தகவலை அளக்க ஓர் அலகைத் தந்தது. சம வாய்ப்புள்ள இரண்டில் எது என்று சொல்லும் விடையில் உள்ள தகவல் ஒரு பிட். எட்டுப் பேரில் ஒருவரைச் சுட்டிக்காட்ட மூன்று பிட் போதும். எட்டை நான்காக்கு, நான்கை இரண்டாக்கு, இரண்டை ஒன்றாக்கு: மூன்று கேள்விகளில் வேலை முடிந்தது. ஆகவே துப்பறிபவர் ஒவ்வொரு சுற்றிலும் சந்தேகப் பட்டியலைச் சரிபாதியாகப் பிரித்து நிறுத்த முடிந்தால் மூன்றாம் சுற்றின் முடிவில் ஜாக் யாரென்று தெரிந்துவிடும். நான்காம் சுற்றில் கைது செய்யலாம்.

நல்ல கேள்வி எது என்பதற்கு இங்கே தெளிவான இலக்கணம் கிடைக்கிறது. ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் பட்டியல் ஒரே அளவு சுருங்க வேண்டும். பிரிவு நான்குக்கு நான்காக இருந்தால் விடையின் சராசரித் தகவல் 1 பிட். ஆறுக்கு இரண்டானால் சுமார் 0.81. ஏழுக்கு ஒன்றானால் சுமார் 0.54. மனத்துக்குள் ஒருவர்மேல் சந்தேகம் விழுந்ததும் அவரை மட்டும் தனியே இருட்டில் நிறுத்திச் சோதிக்கத் தோன்றும். அந்த ஆசை ஏழுக்கு ஒன்று என்ற கேள்வியைத்தான் கேட்கிறது. சந்தேகம் சரியாக இருந்தால் ஒரே அடியில் வெற்றி. ஆனால் எட்டில் ஏழு முறை அது ஒருவரை மட்டும் விடுவித்துவிட்டு நின்றுவிடும்.

எதிரே இருப்பவரும் இந்தக் கணக்கு தெரிந்தவர். தான் யாரென்று அவருக்குத் தெரியும் என்பதால், எப்போதும் பெரிய கூட்டத்தின் பக்கம் நின்றுகொள்ளப் பார்ப்பார். ஏழு பேர் வெளிச்சத்தில் இருந்தால் ஜாக்கும் வெளிச்சத்துக்கு வருவதே நல்லது. அந்தச் சுற்றில் துப்பறிபவருக்கு உண்மையில் கிடைப்பது எட்டு ஏழானதன் தகவல் மட்டும்; 0.2 பிட்டுக்கும் குறைவு. இந்த ஆட்டத்தில் இருட்டும் ஒளிவிடமும் ஒன்றல்ல. பட்டியல் எங்கே நீளமாக இருக்கிறதோ, அங்கே நிற்பதுதான் ஒளிவது.

சுற்றுக்கு ஒருவர் மட்டுமே விடுவிக்கப்பட்டாலும், ஏழு சுற்றுகளில் ஏழு பேர் போய்விடுவார்கள். எட்டாம் சுற்றில் கைது செய்ய நேரம் இருக்கும். ஆகவே பெரும்பான்மையோடு ஒட்டிக்கொள்வது மட்டும் ஜாக்குக்குப் போதாது. யாருமே விடுவிக்கப்படாத சுற்றுகள் அவனுக்கு வேண்டும். மிச்சமுள்ள சந்தேக நபர்கள் அனைவரும் வெளிச்சத்தில், அல்லது அனைவரும் இருட்டில் இருக்கும் சுற்றுகள். அதுவும் நடக்காவிட்டால் அவன் பலகையை விட்டே தப்பிக்க வேண்டும். தப்பிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முந்தைய சுற்றின் முடிவில் அவன் கண்ணில் படாமல் இருந்திருக்க வேண்டும். பட்டியலை நீட்டிக்க வெளிச்சம் உதவும் நேரத்தில் தப்பிக்க இருட்டு தேவைப்படும். ஜாக்கின் ஒவ்வொரு முடிவும் இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிறது. முதல் நான்கு சுற்றுகளின் முடிவில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கப்படுவதால், நேரம் போகப் போக அந்த இழுபறி கூடிக்கொண்டே போகும்.

நகர்த்தும் முறையும் இந்தக் கணக்கைப் பொறுத்தே அமைந்திருக்கிறது. ஒற்றைப்படைச் சுற்றில் துப்பறிபவர் முதல் காயையும் கடைசிக் காயையும் நகர்த்துவார். நடு இரண்டும் ஜாக்குடையவை. இரட்டைப்படைச் சுற்றில் இது தலைகீழாகும். சாட்சி கேட்கும் முன் கடைசியாகக் கை வைப்பவர்தான் பிரிவு நான்குக்கு நான்கா, ஏழுக்கு ஒன்றா என்பதைத் தீர்மானிப்பவர். அந்த உரிமை சுற்றுக்குச் சுற்று கை மாறுகிறது.

அசைவும் ஒரு வாக்குமூலம்

இதுவரை சொன்னது சாட்சியின் விடையிலிருந்து வரும் தகவல். இன்னொரு ஊற்றும் இருக்கிறது. ஜாக்காக ஆடுபவர் வெளிச்சத்திலிருந்த ஒரு காயை எடுத்து, பலகையை விட்டுத் தப்பிக்க உதவும், காவல் தடுப்பு இல்லாத வாசலுக்குப் பக்கத்தில் இருட்டில் கொண்டுபோய் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏன் வைத்தார்? அந்தக் காய் ஜாக்காக இருந்தால் இப்படிச் செய்ய எவ்வளவு வாய்ப்பு? இல்லாவிட்டால் எவ்வளவு வாய்ப்பு? இந்த இரண்டு வாய்ப்புகளும் வேறுபட்டால், அந்த அசைவே தகவல்தான். விதிப்படி அந்தக் காயைப் புரட்ட முடியாது. ஆனால் துப்பறிபவரின் மனத்தில் அதன் எடை கூடிவிடும்.

ஆகவே ஜாக் தன் அசைவுகளிலிருந்து காரணத்தை அழிக்க வேண்டும். தனக்குத் தொடர்பில்லாத காயையும் சில நேரம் தன் காயைப் போலவே நடத்த வேண்டும். தன் காயைச் சில நேரம் அலட்சியமாக விட்டுவிட வேண்டும். எத்தனை முறை என்பதுதான் கேள்வி.

தமிழ்ச் சிறுவர்கள் ஆடும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்திலும் இதே கேள்வி உண்டு. எதிரெதிரே உட்கார்ந்த இருவரில் ஒருவர், நீளமாகக் குவித்த மணலுக்குள் சிறு குச்சியை இங்கும் அங்கும் நகர்த்தி ஓரிடத்தில் விட்டுவிடுவார். மற்றவர் இரு கைகளையும் கோத்து மணல்மேல் பொத்துவார். ஒளிப்பவருக்கு ஒரு பழக்கம் இருந்தால், நாலைந்து ஆட்டத்தில் அது பிடிபட்டுவிடும். பழக்கமே இல்லாமல், எல்லா இடத்துக்கும் சம வாய்ப்புக் கொடுத்து ஒளித்தால், எவ்வளவு கெட்டிக்காரருக்கும் குருட்டு ஊகத்தைவிட நல்ல வழி கிடையாது. ஜான் வான் நாய்மன் 1928-இல் நிரூபித்த தேற்றம் இதைப் பொதுவாகச் சொல்கிறது: ஒருவர் வெல்வது மற்றவர் தோற்பது என்ற இருவர் ஆட்டத்தில், தேர்வுகள் வரம்புக்குட்பட்டவையாக இருந்தால், அவற்றைச் சரியான விகிதத்தில் தற்செயலாகக் கலந்து ஆடும் உத்தி ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்த விகிதத்தில் ஆடுபவரின் உத்தியை எதிராளி முழுவதும் தெரிந்துகொண்டாலும் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

எல்லா இடமும் சமமாக இல்லாதபோதுதான் இந்தக் கணக்கின் விசித்திரம் தெரியும். ஜாக் தப்பிக்க இரண்டு வாசல்கள் என்று வைப்போம். துப்பறிபவரால் ஒன்றை மட்டுமே காக்க முடியும். காவல் உள்ள வாசலுக்குப் போனால் ஜாக் அகப்படுவான். கிட்டவுள்ள வாசலில் காவல் இல்லையென்றால் தப்பிப்பது உறுதி. தொலைவிலுள்ள வாசலில் காவல் இல்லாவிட்டாலும் பாதி வாய்ப்புத்தான். எந்த வாசலை ஜாக் அதிகம் நாட வேண்டும்? கிட்டவுள்ளதைத்தான் என்று மனம் சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மூன்றில் ஒரு முறை மட்டும் கிட்டவுள்ள வாசல். மூன்றில் இரண்டு முறை தொலைவிலுள்ள வாசல். துப்பறிபவர் மூன்றில் இரண்டு முறை கிட்டவுள்ள வாசலைக் காக்க வேண்டும். இப்படி ஆடினால் ஜாக் தப்பிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. இருவரில் யார் தனியே விலகினாலும் அவருக்கு இதைவிட நல்லது கிடைக்காது. நல்ல வாசல் நல்லது என்பது எதிராளிக்கும் தெரியும் என்ற ஒரே காரணத்தால், மோசமான வாசலின் மதிப்பு உயர்ந்துவிடுகிறது.

ராண்ட் நிறுவனத்தில் ஆய்வு செய்த ரூஃபஸ் ஐசக்ஸ், 1965-இல் வெளியான தம் நூலில் இதைவிடக் கடினமான ஒரு புதிரை வைத்தார். முழு இருட்டான அறையில் ஓர் இளவரசி, ஓர் அரக்கன். ஒருவரையொருவர் பார்க்க முடியாது; இருவரும் நகரலாம். இளவரசி எப்படித் தப்பிப்பது? ஷ்முவேல் கால் என்ற கணிதவியலாளர் 1979-இல் விடை தந்தார். தற்செயலாக ஓர் இடத்துக்குப் போய், மிகக் குறைவாகவும் இல்லாமல் மிக அதிகமாகவும் இல்லாமல் சிறிது நேரம் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு முந்தையதோடு தொடர்பில்லாத இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தாலும் ஆபத்து, ஒரே இடத்தில் பதுங்கியே கிடந்தாலும் ஆபத்து.

ஊர் முழுக்கப் பரவும் சந்தேகம்

‘மிஸ்டர் ஜாக்’கில் சந்தேகம் ஆட்கள்மேல். இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற இன்னொரு விளையாட்டான ‘ஸ்காட்லாந்து யார்டு’ அதை இடங்கள்மேல் போடுகிறது. ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் 1983-இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஜெர்மனியின் சிறந்த விளையாட்டுக்கான விருதும் பெற்றது. லண்டன் வரைபடத்தில் 199 நிறுத்தங்கள். மிஸ்டர் எக்ஸ் யாருக்கும் தெரியாமல் நகர்வான். டாக்ஸியா, பஸ்ஸா, சுரங்க ரயிலா என்பதைக் காட்டும் டிக்கெட் மட்டும் வெளியே தெரியும். மூன்றாம், எட்டாம், பதின்மூன்றாம், பதினெட்டாம் நகர்வுகளில் அவன் தன் இடத்தைக் காட்ட வேண்டும்.

துரத்துபவர்கள் அவனைத் துரத்துவதில்லை. அவன் இருக்கக்கூடிய இடங்களின் கூட்டத்தைத் துரத்துகிறார்கள். மூன்றாம் நகர்வில் அந்தக் கூட்டம் ஒரே நிறுத்தம். அடுத்து டாக்ஸி டிக்கெட் விழுந்தால், அங்கிருந்து டாக்ஸி போகும் எல்லா நிறுத்தங்களுமாக அது விரியும். அவற்றில் ஒன்றில் ஒரு துப்பறிவாளர் போய் நின்று அவன் அங்கே இல்லை என்றால், அந்த நிறுத்தம் பட்டியலிலிருந்து போகும். அவனுடைய நகர்வு கூட்டத்தை விரிக்கிறது, துரத்துபவர்களின் நகர்வு சுருக்குகிறது. எட்டாம் நகர்வில் அது மறுபடி ஒரே புள்ளியாகும்.

கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை அளக்க, கண்ணுக்குத் தெரியும் திருடனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மார்ட்டின் ஐக்னர், மைக்கேல் ஃப்ரோம் இருவரும் 1984-இல் ஒரு தேற்றத்தை நிரூபித்தார்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் தாளில் வரையக்கூடிய எந்த வரைபடமானாலும், அதில் எத்தனை ஆயிரம் சந்திகள் இருந்தாலும், திருடன் கண்ணுக்குத் தெரிந்தால் மூன்று காவலர்கள் போதும். இரண்டு சந்திகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை ஒன்றை ஒரே காவலரால் காக்க முடியும் என்பதே நிரூபணத்தின் உயிர். சிறிது நேரத்தில் அவர் அந்தப் பாதையில் சரியான இடத்துக்கு வந்துவிடுவார். அதன்பின் திருடன் எங்கே அதில் கால் வைத்தாலும் அகப்படுவான். இரண்டு பேர் இரண்டு பாதைகளைக் காத்துத் திருடனை ஒரு பகுதிக்குள் அடைக்கிறார்கள். மூன்றாமவர் அந்தப் பகுதிக்குள் புதிய பாதை ஒன்றைப் பிடித்து அதைச் சிறிதாக்குகிறார். பழைய காவலர்களில் ஒருவர் விடுபட்டு அடுத்த பாதைக்குப் போகிறார். முடிவில் ஓட இடம் இருக்காது.

திருடன் கண்ணுக்குத் தெரியாதபோது கதை மாறுகிறது. டோரன்ஸ் பார்சன்ஸ் 1976-இல் ஆராய்ந்த சிக்கல் இது: இருண்ட குகைக்குள் ஒருவர் எங்கோ இருக்கிறார், எப்படி வேண்டுமானாலும் நகரக்கூடியவர், அவரைக் கண்டிப்பாகக் கண்டுபிடிக்க எத்தனை பேர் வேண்டும்? குகை ஒரே நீளப் பாதையானால் ஒருவர் போதும். மூன்று கிளைகள் சேரும் சந்தி ஒன்று வந்தாலே இரண்டு பேர் வேண்டும். ஒரு கிளைக்குள் தேடப் போகும்போது, தேடி முடித்த கிளைக்குள் அவர் திரும்பிப் போய்விடக்கூடும். தேடி முடித்த இடம் தேடி முடித்ததாகவே இருக்க, அதன் வாயில் ஒருவர் நிற்க வேண்டும். நகரும் ஒன்றைத் தேடுகையில், ஒரு முறை கொடுத்த விடுதலை நிரந்தரம் அல்ல.

கணினிகளுக்கும் இந்த ஆட்டங்கள் சதுரங்கத்திலிருந்து வேறான சவால். சதுரங்கத்தில் பலகையைப் பார்த்தால் நிலை தெரிந்துவிடும். இங்கே இருக்கக்கூடிய எல்லா நிலைகளையும் அவற்றின் வாய்ப்புகளையும் சேர்த்துத் தாங்கியபடி சிந்திக்க வேண்டும். ஒருவரின் அசைவு மற்றவரின் ஊகத்தை எப்படி மாற்றும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். டீப்மைண்ட் ஆய்வாளர்கள் பங்கேற்று உருவாக்கிய ‘ஸ்டூடன்ட் ஆஃப் கேம்ஸ்’ என்ற நிரல்முறை சதுரங்கம், கோ, போக்கர் ஆகியவற்றோடு நான்காவதாக ஆடிக் காட்டியது ஸ்காட்லாந்து யார்டைத்தான். அந்த ஆய்வு 2023-இல் வெளியானது.

சாட்சி பொய்க்கும்போது

விளையாட்டின் சாட்சி ஒருபோதும் தவறாது. உலகத்தின் சாட்சி அப்படியல்ல. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் 447 விமானம் 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் பெருங்கடலில் விழுந்தது. அதில் இருந்த 228 பேரும் இறந்தார்கள். ஏன் விழுந்தது என்று அறிய, கடலடியில் கிடக்கும் பதிவுக் கருவிகள் வேண்டும். அவற்றோடு இணைந்த ஒலிச் சாதனங்கள் சுமார் 30 நாள் ஒலி எழுப்பும். முதல் மாதத்தில் கப்பல்கள் அந்த ஒலிக்காகக் காது கொடுத்துத் தேடின, எதுவும் கேட்கவில்லை. தேடிய பகுதி பட்டியலில் பின்னுக்குப் போனது. பிறகு வேறு இடங்களில் நடந்த தேடல்களும் வீணாயின.

மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2011-இல் எல்லாவற்றையும் மறுபடி எடை போட்டார்கள். அவர்களின் முறையை எளிய எண்களில் சொல்லலாம். விமானம் இரண்டு பகுதிகளில் ஒன்றில் இருக்கிறது. வாய்ப்பு பாதிக்குப் பாதி. முதல் பகுதியில், பொருள் அங்கே இருந்தால் 90 விழுக்காடு கண்டுபிடித்துவிடும் கருவியோடு தேடுகிறோம், கிடைக்கவில்லை. இப்போது அது முதல் பகுதியில் இருக்கும் வாய்ப்பு சுமார் 9 விழுக்காடாகச் சரிகிறது. ஆனால் ஒலிச் சாதனமே பழுதாகியிருக்கப் பாதி வாய்ப்பு உண்டு என்று ஏற்றால், கண்டுபிடிக்கும் திறன் 45 விழுக்காடு மட்டும். ‘கிடைக்கவில்லை’ என்ற அதே செய்திக்குப் பின், முதல் பகுதியின் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடாக நின்றுவிடும். ஒலிச் சாதனங்கள் இரண்டும் இயங்காமல் போயிருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டபோது, ஏற்கெனவே காது கொடுத்துக் கேட்டுக் கைவிட்ட பகுதி, விமானத்தின் கடைசியாகத் தெரிந்த இடத்துக்கு அருகிலேயே, பட்டியலின் மேலே ஏறியது. தேடல் அங்கே தொடங்கிய ஒரு வாரத்துக்குள், 2011 ஏப்ரலில், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் விமானம் கிடைத்தது. அடுத்த மாதம் பதிவுக் கருவிகள் மேலே வந்தன.

கெட்டிக்காரர் ஒருவரின் மின்னல் ஊகமாகவே துப்பறிதலைக் கதைகள் நமக்குப் பழக்கிவிட்டன. ‘மிஸ்டர் ஜாக்’கில் அப்படி ஊகித்துத் தவறான ஆளைக் கைது செய்தால் அந்த நொடியே தோல்வி. ஊகத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை விடுவிப்பது. யாரை விடுவிக்கிறோம், எந்தச் சான்றை நம்பி விடுவிக்கிறோம், அந்தச் சான்று பழுதாக எவ்வளவு வாய்ப்பு, விடுவித்ததை எப்போது திரும்பப் பரிசீலிக்க வேண்டும்: நோயைத் தேடும் மருத்துவருக்கும், பழுதைத் தேடும் பொறியாளருக்கும், குற்றவாளியைத் தேடும் காவலருக்கும் இந்த நான்கு கேள்விகளும் பொது. ஒருவர்மேல் சந்தேகம் வைக்க மனத்துக்குப் பயிற்சியே தேவையில்லை. ஏழு பேரைக் கணக்கோடு விடுவிக்கத்தான் பயிற்சி வேண்டும். இரண்டு பேர், ஒரு பலகை, எட்டுக் காய்கள் இருந்தால் அந்தப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.